கடைக்கு லாபம், வட்டாரத்துக்கு என்ன?

ஈசூன்வாசி | 3 மார்ச் 2025, இரவு 10.40

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக வணிக நிர்வாகம் படிக்கிறேன். கட்டுரையில் "சமூகத்துக்கு நல்லது செய்யும் நிறுவனங்கள்தான் அதிக லாபம் பார்க்கின்றன என்பது ஆய்வுகளில் நிரூபணமாகிவிட்டது" என்று எழுதினேன். விரிவுரையாளர் அந்த வரியைச் சுழித்து, "யார் நிரூபித்தது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லோரும் சொல்வதுதானே இது? நல்லது செய்தால் வியாபாரம் வளரும், வியாபாரம் வளர்ந்தால் ஊரும் வளரும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | 3 மார்ச், இரவு 11.30

விரிவுரையாளர் கேட்டது நியாயம்.

ஜோஷுவா மார்கோலிஸ், ஜேம்ஸ் வால்ஷ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2003இல் இதைத்தான் எண்ணிப் பார்த்தார்கள். 1972 முதல் 2002 வரை வெளிவந்த 127 ஆய்வுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 109 ஆய்வுகள், நல்லது செய்தால் லாபம் கூடுகிறதா என்று பார்த்தவை. 54இல் கூடுகிறது. 7இல் குறைகிறது. 28இல் குறிப்பிடும்படி எதுவும் தெரியவில்லை. 20இல் இப்படியும் அப்படியும். சாய்வு நல்ல பக்கம்தான். ஆனால் பாதியை வைத்துக்கொண்டு "நிரூபணமாகிவிட்டது" என்று எழுதினால் நானும் சுழிப்பேன்.

இன்னொன்று. லாபம் பார்த்த கம்பெனியிடம்தானே நன்கொடை கொடுக்கக் காசு இருக்கும்? எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று பிரிப்பது லேசில்லை.

உங்கள் வரிக்குள் இரண்டு பேச்சு இருக்கிறது தம்பி. நல்லது செய்தால் லாபம் என்பது ஒன்று. லாபம் வந்தால் ஊருக்கு நல்லது என்பது வேறு. முதலாவதற்கு ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவதைத் தேடினால் கை வலிக்கும்.

கணக்குப்பிள்ளை | 4 மார்ச், காலை 7.50

எம்ஆர்டி ரயிலில் இடம் கிடைத்ததால் தொடர்கிறேன்.

மார்கோலிஸும் வால்ஷும் வெறும் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. முப்பது ஆண்டுகளாக எல்லோரும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நல்லது செய்ததில் பங்குதாரருக்கு என்ன கிடைத்தது என்று. நல்லதைப் பெற்றுக்கொண்டவருக்கு என்ன ஆனது என்று யார் கேட்பது? இதுதான் அவர்களுடைய மனக்குறை. எனக்கு இது நெஞ்சில் தைத்த இடம்.

சொந்தமாகக் கணக்கு எழுதிக்கொடுக்க வருவதற்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்புக்கென்று தனிப் பக்கங்கள் உண்டு. படங்கள் தயார், போட எண் வேண்டும். தொண்டூழிய நேரம் என்று ஒன்றை வைத்துக்கொண்டோம். முதியோர் இல்லத்துக்குப் போனால், அலுவலக வாசலில் பேருந்து ஏறியது முதல் திரும்பி வந்து இறங்கியது வரை எல்லாம் தொண்டூழிய நேரம். புக்கிட் தீமா சாலையில் நெரிசல் என்றால் எங்கள் சமூகப் பொறுப்பு அரை மணி நேரம் கூடிவிடும். இல்லத்தில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன மாசம் வந்தது நீங்களா, வேற பேங்க்கா?" என்று கேட்டார். நாங்கள் பேங்க்கே இல்லை. அந்தக் கேள்வியைப் போட அறிக்கையில் பத்தி ஏது?

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் சமூகம், சுற்றுச்சூழல் பற்றிய நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும், தராத பகுதிக்குக் காரணம் சொல்லவேண்டும் என்று 2017 நிதியாண்டிலிருந்து விதி வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த விஷயங்களில் கம்பெனிகளுக்கு மதிப்பெண் போடும் நிறுவனங்களின் கதை தெரியுமா? பெர்க், கோல்பெல், ரிகோபோன் மூவரும் அப்படிப்பட்ட ஆறு நிறுவனங்களின் மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் அளவு சராசரியாக 0.54. முழுவதும் ஒத்துப்போனால் 1 வரவேண்டும். கம்பெனியின் கடன் திருப்பும் திறனை மதிப்பிடுவதில் இப்படி நடக்காது. அங்கே எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதில்தான் சொல்வார்கள். ஒரே கம்பெனியை ஒருவர் நல்லவன் என்கிறார், இன்னொருவர் சுமார் என்கிறார். வேறுபாட்டில் பெரும்பகுதி எதை அளப்பது என்பதில்கூட இல்லையாம், ஒரே விஷயத்தை எப்படி அளப்பது என்பதில்தானாம்.

இறங்கும் இடம் வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை | 4 மார்ச், மதியம் 1.15

துவாஸ் மணியன் "ஃபிரீட்மன் அன்றைக்கே சொல்லிவிட்டார், கம்பெனியின் வேலை லாபம் மட்டும்தான்" என்று எழுதியிருக்கிறார். பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதியது அது. சரி, ஆனால் "ஆட்ட விதிகளுக்கு உட்பட்டு, ஏமாற்று இல்லாமல்" என்ற நிபந்தனையும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. சின்ன ஊரில் பெரிய முதலாளியாக இருக்கும் கம்பெனி அந்த ஊருக்கு வசதிகள் செய்து கொடுத்தால் நல்ல ஆட்கள் வேலைக்கு வருவார்கள். அது சுயலாபம், அதைப் போய்ச் சமூகப் பொறுப்பு என்று அழைக்காதீர்கள் என்கிறார். மனிதரிடம் ஒளிவுமறைவு இல்லை. எங்கள் பழைய நிறுவனம் அவரை ஆலோசகராக வைத்திருந்தால் அந்தப் பேருந்து வாடகையாவது மிஞ்சியிருக்கும்.

கணக்குப்பிள்ளை | 5 மார்ச், இரவு 9.05

"எது முன்னால் என்று பிரித்த ஆய்வு ஒன்றுகூட இல்லையா அக்கா?" என்று தம்பி கேட்கிறார். உண்டு.

அலெக்ஸ் எட்மன்ஸ் 2011இல் வெளியிட்டது. வேலை பார்க்கச் சிறந்த 100 அமெரிக்க நிறுவனங்கள் என்று ஒரு பட்டியல் வரும். பட்டியல் வெளியான பிறகு அந்த நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 1984 முதல் 2009 வரை பார்த்தார். சந்தை அபாயத்துக்கு உரியதையெல்லாம் கழித்த பிறகும் ஆண்டுக்கு 3.5 விழுக்காடு கூடுதல். பட்டியல் முதலில், லாபம் பிறகு. ஊழியர் மனநிறைவுக்குச் சந்தை உடனே விலை போடவில்லை என்பது அவர் முடிவு.

இன்னொன்று பிரிட்டிஷ் டெலிகாம் அழைப்பு மையங்களில் நடந்தது. ஊழியர்களிடம் வாரம் ஒரு முறை, எப்படி இருக்கிறீர்கள் என்று முகச் சின்னங்களைக் காட்டிக் கேட்டார்கள். மகிழ்ச்சியாக இருந்த வாரங்களில் விற்பனை கூடுதல். சரி, விற்பனை கூடியதால் மகிழ்ச்சி வந்திருக்கலாமே? அதைப் பிரிக்க வானிலையைப் பிடித்தார்கள். ஜன்னல் வழியே மப்பும் மந்தாரமும் தெரிந்தால் மனம் சோர்கிறது. மையம் இருக்கும் ஊரில் மழை என்பதற்காக யாரும் தொலைபேசிச் சந்தாவை வாங்காமல் விடுவதில்லை, ஏனென்றால் வாடிக்கையாளர் நாடு முழுவதும் இருக்கிறார். ஆகவே சோர்வுதான் விற்பனையைக் குறைக்கிறது. கெட்டிக்காரத்தனமான வேலை. நம் ஊரில் இதைச் செய்தால் முடிவு தலைகீழாக வரும். இங்கே மேகம் கறுத்தால்தான் ஆபீசில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

ஆனால் கவனியுங்கள். இரண்டும் கம்பெனிக்குள் இருப்பவர்களைப் பற்றியவை. வாசலுக்கு வெளியே இருக்கும் தெரு இன்னும் வரவில்லை.

கணக்குப்பிள்ளை | 6 மார்ச், இரவு 10.20

தெருவுக்கு வருவோம். இது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, கொஞ்சம் நீளும்.

வால்டர் கோல்ட்ஷ்மிட் மானுடவியலாளர். 1940களில் அமெரிக்க வேளாண் துறைக்காகக் கலிஃபோர்னியாவில் இரண்டு சிற்றூர்களை எடுத்துக்கொண்டார். டினுபா, ஆர்வின். இரண்டும் ஒரே பள்ளத்தாக்கு, இரண்டிலும் விளைச்சலின் மொத்த மதிப்பு ஏறக்குறைய சமம். டினுபாவில் சிறு பண்ணைகள், ஆர்வினில் பெரும் பண்ணைகள். வணிகக் கண்ணால் பார்த்தால் இரண்டு ஊரும் ஒரே அளவு வெற்றி.

மனிதர் தெருவில் இறங்கி எண்ணினார். டினுபாவில் 62 கடைகளும் தொழில்களும், ஆர்வினில் 35. டினுபாவில் இரண்டு செய்தித்தாள், ஆர்வினில் ஒன்று. டினுபாவில் நான்கு தொடக்கப்பள்ளிகளும் ஓர் உயர்நிலைப்பள்ளியும். ஆர்வினில் ஒரே ஒரு தொடக்கப்பள்ளி. பூங்கா, நடைபாதை, சங்கங்கள், ஊர் விவகாரத்தை ஊர்க்காரர்களே முடிவு செய்யும் உரிமை, எதை எண்ணினாலும் டினுபா மேலே. அதே அளவு பணம் நிலத்திலிருந்து வருகிறது. ஓர் ஊரில் அது பல கைகளில் விழுந்து அங்கேயே செலவாகிறது. இன்னோர் ஊரில் சில கைகளில் விழுந்து வெளியே போகிறது. ஊரில் மிஞ்சுவது கூலி வேலை.

அடுத்த கட்டமாக இன்னும் பல ஊர்களை ஆராயத் திட்டம் இருந்தது. பெரும் பண்ணைக்காரர்கள் குரல் கொடுத்தார்கள், மேலிடம் நிறுத்திவிட்டது.

அதே காலத்தில் சி. ரைட் மில்ஸ், மெல்வில் உல்மர் இருவரும் அமெரிக்க நகரங்களில் இதேபோலச் செய்தார்கள். சிறு தொழில் நிறைந்த நகரத்தையும் சில பெரிய ஆலைகள் ஆளும் நகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. 1946இல் வந்த அறிக்கை அது. சிறு தொழில் நகரங்களில் வாழ்க்கை மேலாக இருந்தது என்றுதான் அதுவும் சொன்னது.

கணக்குப்பிள்ளை | 6 மார்ச், இரவு 11.55

படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. ஆர்வின் டினுபாவைவிடப் புதிய ஊர். புதிய ஊரில் பள்ளியும் சங்கமும் குறைவாக இருப்பது இயல்புதானே? கோல்ட்ஷ்மிட்டை எதிர்த்தவர்கள் சொன்ன முக்கியமான வாதம் இது. புதிதாக எழுந்த காலத்துப் பொங்கோலையும் பழைய தோ பாயோவையும் ஒப்பிட்டு, பொங்கோலில் கோயிலும் கிளப்பும் குறைவு, ஆகவே அங்கே முதலாளிகள் மோசம் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இரண்டே ஊர். அதை மறக்காமல் படிக்கவேண்டும். ஆனாலும் அவர் எண்ணிய பொருள்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. தொண்டூழிய நேரத்தைவிடக் கடையும் நடைபாதையும் பொய் சொல்லாது.

கணக்குப்பிள்ளை | 8 மார்ச், பிற்பகல் 3.30

சனிக்கிழமை. கொஞ்சம் விரிவாக எழுதலாம்.

"கலிஃபோர்னியாவை விடுங்கள், நம் புளோக்குக் கீழே வாருங்கள்" என்று அங் மோ கியோ சாந்தி கேட்கிறார். வருகிறேன், ஆனால் வால்மார்ட் வழியாக.

வால்மார்ட் ஒரு வட்டாரத்தில் திறந்தால் வேலை கூடுமா குறையுமா? எமெக் பாஸ்கர் 2005இல் சொன்னது: திறந்த ஆண்டில் சில்லறை வணிகத்தில் 100 வேலைகள் கூடும், அடுத்த ஐந்து ஆண்டுகளில் மற்ற கடைகள் மூடப்பட்டு அதில் பாதி போய்விடும். அதாவது நிகரம் 50. டேவிட் நியூமார்க்கும் கூட்டாளிகளும் 2008இல் சொன்னது: வால்மார்ட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் மற்ற கடைகளில் 1.4 பேருக்குப் போகும். நிகரம் நட்டம். ஒரே கடை, ஒரே நாடு, கூட்டலும் கழித்தலும். காரணம், வால்மார்ட் கண்ணை மூடிக்கொண்டு இடம் தேர்ந்தெடுப்பதில்லை. வளரப்போகும் ஊரில்தான் திறக்கும். அந்த வளர்ச்சியைக் கடையின் கணக்கிலிருந்து எப்படிக் கழிப்பது என்பதில் இரு தரப்பும் வேறு வேறு வழி.

விலை குறைந்தது என்பதில் பெரிய சண்டை இல்லை. ஏழைக் குடும்பத்துக்குப் பற்பசையும் சோப்புத் தூளும் மலிவாகக் கிடைப்பதும் நல்வாழ்வுதான். சிறு கடையைக் காதலிக்கும் நம்மைப் போன்றவர்கள் இதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவோம்.

இப்போது புளோக்குக் கீழே. 1973இல் விலைவாசி ஏறிக்கொண்டிருந்தபோது தோ பாயோவில் என்டியுசி வெல்கம் திறந்தது. தொழிற்சங்கத்தின் கூட்டுறவுக் கடை, கொள்ளை லாபம் வைத்து விற்பதைக் கட்டுப்படுத்த. 1983இல் இன்னொரு கூட்டுறவோடு சேர்ந்து ஃபேர்பிரைஸ் ஆனது. இன்று அதுதான் நாட்டின் மிகப் பெரிய பேரங்காடிக் குழுமம். கோல்ட்ஷ்மிட்டை அப்படியே இங்கே கொண்டுவந்தால் இடிக்கிறது. பெரியது கெட்டது என்று சொல்ல முடியாதபடி, பெரியதாக இருப்பதாலேயே விலையை அடக்கும் ஒன்று நடுவில் நிற்கிறது. அளவைவிட, யாருக்குச் சொந்தம், எதற்காகத் திறந்தது என்பது கூடுதலாகப் பேசும் போலிருக்கிறது.

ஆனால் புளோக்குக் கீழே இருக்கும் சின்ன மளிகைக் கடை, நாம் சொல்லும் மாமாக் கடை? நான் கணக்கு எழுதும் கடைகளில் ஒன்று அப்படிப்பட்டது. அதன் லாபநட்டக் கணக்கைப் பார்த்தால் எந்த வங்கியும் சிரிக்கும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு 555 நோட்டு இருக்கிறது. யார் யார் முட்டைக்கும் ரொட்டிக்கும் சம்பளம் வரும்வரை கடன் சொல்லியிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். சில பெயர்களுக்கு நேரே தொகை அடிக்கப்பட்டிருக்கும், பணம் வந்த தடயம் இருக்காது. நான் கேட்டால் உரிமையாளர், "அது உங்களுக்கு இல்லக்கா" என்று நோட்டை இழுத்துக்கொள்வார். கடையின் நிதிநிலை என் கோப்பில். அந்தப் புளோக்கின் நிதிநிலை அந்த நோட்டில். ஆய்வாளர்கள் வந்தால் எதைக் கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கணக்குப்பிள்ளை | 9 மார்ச், காலை 11.10

பேச்சு மகமைப் பக்கம் திரும்பியிருக்கிறது. விருதுநகர்க்காரர் ஒருவர் இழுத்துவிட்டார், நன்றி.

மகமை என்றால் நடக்கும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைப்பது. மூட்டைக்கு இவ்வளவு என்று. நாடார் வணிகர்கள் அப்படிச் சேர்த்ததில் கோயில், கிணறு, பள்ளி எல்லாம் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து நடத்திய பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான்.

சமூகப் பொறுப்பு அறிக்கைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். லாபம் பார்த்த பிறகு மனம் வந்தால் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. சரக்கு நகர்ந்தாலே காசு விழுந்துவிடும். வியாபாரம் செழித்தால் பொது நிதி செழிக்கும், படுத்தால் படுக்கும். முதல் நாள் தம்பி சொன்ன அந்தச் சங்கிலி இங்கே உண்மையிலேயே இருக்கிறது, ஏனென்றால் யாரோ உட்கார்ந்து அதைக் கட்டினார்கள்.

செட்டியார்களும் மகமை எடுத்தார்கள். இங்கே சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது அவர்களுடைய தொழிற்கூடங்களில், வட்டித் தொழில் நடந்த காலத்தில், 1859இல் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் எழுந்தது. அவர்களை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் ரட்னர், கோயிலுக்குக் கொடுப்பதும் வணிக நம்பகமும் ஒன்றோடொன்று பின்னியவை என்கிறார். யார் எவ்வளவு கொடுக்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். அவர் எழுதிக்கொடுக்கும் உண்டியலுக்கு, அதாவது பணச் சீட்டுக்கு, மதிப்பும் அதிலிருந்து வரும். ஃபிரீட்மன் கேட்டால் தலையாட்டியிருப்பார்.

ரொம்பப் புகழவும் வேண்டாம். அந்தப் பொது யாருக்குப் பொது? சாதி வட்டத்துக்குள் நின்ற நன்மைதான் அதில் பெரும்பகுதி. செட்டியார்களிடம் கடன்பட்டு நிலத்தை இழந்த பர்மா விவசாயியைக் கேட்டால் மகமையைப் பற்றி வேறு கதை சொல்லியிருப்பார்.

கணக்குப்பிள்ளை | 11 மார்ச், இரவு 8.45

அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு பற்றிக் கேட்டவருக்கு.

முதலில் எல்லாச் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் 100 வெள்ளி கொடுத்தபோது உணவங்காடியிலும் வட்டாரக் கடைகளிலும் மட்டும்தான் செல்லும். 2023இல் 300 வெள்ளியாக்கிப் பாதியைப் பேரங்காடிக்கும் திறந்துவிட்டார்கள். 2025 ஜனவரியிலும் அதே 300, அதே பாதிக்குப் பாதி. குடும்பத்துக்கு உதவி என்பது ஒரு நோக்கம். பணம் எந்தக் கல்லாவில் விழவேண்டும் என்று சொல்வது இரண்டாவது நோக்கம். டினுபாவை மேலிருந்து உருவாக்கும் முயற்சி என்று எனக்குப் படுகிறது.

கையில் கொடுத்த பணம் என்ன ஆகிறது என்பதற்கு நம் ஊர் ஆய்வே இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுமித் அகர்வாலும் வென்லன் சியனும் 2014இல் வெளியிட்டது. 2011இல் அரசாங்கம் குடிமக்களுக்கு வளர்ச்சி ஈவுத்தொகை கொடுத்தது நினைவிருக்கிறதா? ஒரு வங்கியின் அட்டைக் கணக்குகளை வைத்துப் பார்த்தார்கள். அறிவிப்பு வந்த பத்து மாதங்களில், கிடைத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் 80 காசு செலவாகியிருந்தது. பணம் கிடைக்காத வெளிநாட்டவரை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். (இதைப் பிறகு தொடுகிறேன்.)

என் சந்தேகம் அடுத்த படியில். கடைக்கு வரும் கூடுதல் வரவு கடைக்காரரிடம் நிற்குமா, வாடகையாக மேலே போகுமா? 90களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பல கடைகளை வாடகைக்கு இருந்தவர்களுக்கே விற்றது. வாங்கியவர் தானே கடை நடத்தினால் பிழைத்தார். கைமாறிப்போன கடையில் இன்று நிற்பவர் வேறு, வாடகை வாங்குபவர் வேறு. உணவங்காடிக் கடை ஏலத்தையும் பாருங்கள். குறைந்தபட்ச ஏலத்தொகை என்ற விதியை 2012இலேயே எடுத்துவிட்டார்கள். வாடகை அதனால் பல இடங்களில் இறங்கியது. அப்படியும் 2024இல் மரீன் பரேட்டில் ஒரு கடைக்கு மாதம் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் கேட்டு ஒருவர் எடுத்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இடத்தில் அவ்வளவு சம்பாதிக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டார். இடம் நன்றாக ஓடினால் அந்த ஓட்டத்தின் பலன் இடத்துக்கே போய்ச் சேரும் என்று பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னதுதான்.

கணக்குப்பிள்ளை | 13 மார்ச், இரவு 10.00

வியாபாரம் நின்றால் ஊர் என்ன ஆகும் என்ற பக்கத்தையும் பார்க்கவேண்டும். வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்று ஓர் ஊர். முழு ஊரும் ஒரே நெசவாலையை நம்பியிருந்தது. பொருளாதார மந்தத்தில் ஆலை மூடியது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் ஆராய்ந்து 1933இல் வெளியிட்டார்கள்.

வேலை போனவருக்கு நேரம் நிறைய, படிப்பார் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் எடுத்த புத்தக எண்ணிக்கை பாதியாகச் சரிந்தது. தெருவில் யார் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று மறைவாக இருந்து அளந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்குச் சமையலும் துவையலும் நிற்கவில்லையே. ஆலைக்கு லாபம் இருந்தவரை அந்த ஊருக்கு என்ன கொடுத்தது என்பதை, ஆலை மூடிய பிறகுதான் அளக்க முடிந்தது. கூலியைவிட அதிகமான எதையோ.

கணக்குப்பிள்ளை | 14 மார்ச், காலை 8.05

"தேக்காவில் நடை வேகத்தை அளந்தால்?" என்று மணியன். ஞாயிறு மாலையில் அந்த லிட்டில் இந்தியா வட்டாரத்தில் யாரும் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மை நகர்த்தும்.

கணக்குப்பிள்ளை | 15 மார்ச், இரவு 9.40

மணியன் விளையாட்டாகச் சொன்னது மண்டையில் நின்றுவிட்டது.

அதே வட்டாரத்தில், சிராங்கூன் சாலைக்கு உட்புறத் தெருக்களில் சில கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மளிகை, தொலைபேசி அட்டை, சலூன், சாப்பாட்டுக் கடை. அந்தக் கடைகளின் வாரத்தைப் பார்த்தால் திங்கள் முதல் சனி வரை ஒரு கடை, ஞாயிறு வேறு கடை. ஞாயிற்றுக்கிழமை வருபவர்கள் யார்? ஜூரோங்கிலும் துவாஸிலும் உட்லண்ட்ஸிலும் தங்குவிடுதியில் இருக்கும் ஊழியர்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, சட்டை வாங்க, முடி வெட்ட, ஊர்க்காரரைப் பார்க்க.

2020 ஏப்ரலில் எல்லாம் மூடியது நமக்குத் தெரியும். ஜூனுக்குப் பிறகு நாம் மெல்ல வெளியே வந்தோம். விடுதி ஊழியர்கள் பெரும்பாலும் வேலைக்கும் விடுதிக்கும் மட்டும் போய் வந்தார்கள். 2021 செப்டம்பரில்தான் சோதனை முறையில் வாரத்துக்கு 500 பேர் வரை வெளியே போகலாம் என்றார்கள். அவர்களை விட்ட இடங்களில் லிட்டில் இந்தியாவும் ஒன்று. அந்த இடைக்காலத்துப் பேரேடுகள் என்னிடம் இருந்தன. ஞாயிறு வரிசையில் இருந்த எண்களைப் பார்த்து ஒரு சலூன்காரர், "நம்ம வட்டாரம் எங்க இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுதுக்கா" என்றார். அவர் வட்டாரம் அவர் கடையைச் சுற்றி இல்லை. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் விடுதியின் அடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தது.

இப்போது ஆய்வுகளுக்குத் திரும்புங்கள். நாம் பார்க்கும் குடும்ப வருமானப் புள்ளிவிவரம் எல்லாம் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ள குடும்பங்களுக்கு. விடுதியில் இருப்பவர் அதில் வருவதில்லை. பற்றுச்சீட்டு அவருக்கு இல்லை, இருக்கவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அகர்வால், சியன் ஆய்விலும் வெளிநாட்டவர் ஒப்பீட்டுக்கு மட்டும். அதுவும் வங்கி அட்டை வைத்திருப்பவர். ஆக, ஞாயிறு வியாபாரத்தைத் தாங்குபவர் கடையின் வருமானத்தில் இருக்கிறார், வட்டாரத்தின் நல்வாழ்வில் இல்லை. தொழில் செயல்பாட்டுக்கும் சமூக நல்வாழ்வுக்கும் தொடர்பு என்ன என்று கேட்டால், சமூகம் என்ற பக்கத்தில் யாரைச் சேர்த்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஆர்வினில் கோல்ட்ஷ்மிட் கூலியாட்களைச் சேர்த்து எண்ணினார். விட்டிருந்தால் ஆர்வின் அழகான ஊராகத் தெரிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை | 16 மார்ச், மாலை 6.20

தம்பி வரியை மாற்றி அனுப்பியிருக்கிறார்: "பல ஆய்வுகளில் நேர்த்தொடர்பு தெரிகிறது; காரணம் எது, விளைவு எது என்பதும், யாருடைய நல்வாழ்வு என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன." போதும், இதைச் சுழிக்க மாட்டார்.

ஞாயிறு விற்பனையையும் வார நாள் விற்பனையையும் பிரித்து ஒரு சின்ன ஆய்வு செய்யலாமா என்று கேட்கிறார். செய்யலாம். எனக்குத் தெரிந்த இரண்டு கடைக்காரர்களிடம் பேசிப் பார்க்கிறேன். கடையின் பெயரோ தெருவின் பெயரோ கட்டுரையில் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு அவர்களுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமிருக்காது. செவ்வாய் மதியம் போங்கள். வாடகை எவ்வளவு என்று எடுத்த எடுப்பில் கேட்டால் பேச்சு நின்றுவிடும், டீ வந்த பிறகு கேளுங்கள். வாடிக்கையாளரிடமும் பேசப்போகிறீர்கள் என்றால் அவர் விடுதிக்குத் திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 555 நோட்டை மட்டும் கேட்காதீர்கள், எனக்கே காட்டியதில்லை.